நேற்றிரவு இங்கே படுத்தவர்கள்

படிவத்தில் நான்காம் கேள்வி:
நேற்றிரவு இந்த வீட்டில் படுத்தவர்கள் எத்தனை பேர்?
எளிய கேள்விதான்,
சுங்கை பெலிங்குக்கு வரும்வரை.

இங்கே மூன்றே முக்காலுக்கு
இருபத்திரண்டு மோட்டார் சைக்கிள்
பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போகிறது.
நாலரைக்கு ஃபேக்டரி பஸ்
இரவு ஷிப்டை இறக்கிவிட்டு
பகல் ஷிப்டை ஏற்றிக்கொள்கிறது.
ஒருத்தி எழுந்த மெத்தையில்
இன்னொருத்தி படுக்கிறாள்,
சூடு ஆறுவதே இல்லை.
மெத்தையை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா?
பயிற்சியில் சொல்லித் தரவில்லை.

மூன்று வரிசை லயம். எட்டுக் கடைவீடு, ஐந்துக்குப் பூட்டு.
தமிழ்ப்பள்ளி: பதினேழு பிள்ளைகள், ஆறு ஆசிரியர்கள்.
மற்றபடி செம்பனை,
அதற்கு அந்தப் பக்கமும் செம்பனை.

வெளியே போக ஒரே ஒரு பஸ், பதினாலாம் நம்பர்.
காலை ஏழு இருபது, மதியம் இரண்டு.
குளுவாங்குக்கு ஐம்பது நிமிடம்;
பழக்குலை லாரிக்குப் பின்னால் மாட்டினால்
அஸ்மானுக்கும் தெரியாது எத்தனை என்று.
முப்பது வருடமாக ஓட்டுகிறார்,
"ஏறுங்க லா, ஏறுங்க" என்பார்
நம்மைவிட நல்ல தமிழில்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன்.
மதியம் ஒன்றரைக்கு முதல் லயத்தின் கதவைத் தட்டினேன்.
யாருமில்லை.
இரண்டாம் கதவு. மூன்றாம் கதவு.
கொடியில் பள்ளிச் சட்டை, அடுப்பில் மூடிவைத்த சாம்பார்,
சங்கிலியில் நாய்.
ஒரு ஊரையே யாரோ துடைத்துவிட்ட மாதிரி.

கடைசி வீட்டில் ஒருவர் எழுந்து வந்தார்,
ரஃபிகுல், சில்ஹெட்காரர், பழம் வெட்டுபவர்.
"எல்லாரும் பஸ்ஸுக்கு" என்றார்.
"இன்னைக்கு கம்பெனி ஆள் எண்றான்.
ஒன்பது பேர் இல்லாட்டி ரெண்டு மணி பஸ் கட்."
பிறகு, கதவைப் பாதி மூடியபடி,
"என்னையும் எழுதுவீங்களா?"
எழுதுவேன் என்றேன். படுத்தவர்கள்: ஆறு.
அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார்.

ஓடினேன்.
பஸ் நிறுத்தத்தில் அறுபத்து மூன்று பேர்.
தீபாவளிக்கு எடுத்த புடவையில் பூங்காவனம்,
ஊன்றுகோலோடு பழைய கிராணி தைரியநாதன்,
மளிகைக்கடை ஆ செங், பெண்டாட்டி, மாமியார்,
பள்ளி விட்ட பதினேழு பிள்ளைகள்.
யாருக்கும் குளுவாங்கில் வேலை கிடையாது.
முச்சந்தி வரை ஒரு ரிங்கிட் இருபது காசு,
அங்கே இறங்கி நடந்து திரும்பலாம்.

கம்பெனி ஆள் வாசலில் நின்று
கையில் எண்ணும் கருவியை அமுக்கிக்கொண்டிருந்தான்,
டிக் டிக் டிக்.
நான் பின்படியில் டேப்லெட்டைத் திறந்தேன்.
அவனுக்குத் தலை வேண்டும், எனக்கு வீடு வேண்டும்.
"ஒன்பதாம் நம்பர் யாரு? நேத்து எத்தனை பேர் படுத்தீங்க?"
"நாலுன்னு போடும்மா, சின்னவன் ஜேபியிலே."
"மாசம் ஒருக்கா வர்றானே, அவனை விடுறதா?"
"விடணும்."
விட்டேன். பூங்காவனம் ஜன்னலைப் பார்த்தாள்.

பஸ் நிரம்பிவிட்டது.
கதவு சாத்த முடியாமல் அஸ்மான் சிரித்தார்.
நான்தான் இறங்க வேண்டியிருந்தது.
இறங்குமுன் அந்த ஆள்
என்னையும் ஒரு முறை அமுக்கிவிட்டிருந்தான்.

அவர்கள் முச்சந்தியிலிருந்து திரும்பி வந்தார்கள்,
தார் சாலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு,
கல்யாண வீட்டுக் கூட்டம் போல் சத்தமாக.
பஸ் மட்டும் காலியாகக் குளுவாங் போயிருக்கும்.
அதை யார் எண்ணினார்கள், தெரியாது.

எனக்கு அன்று வேறு பஸ் இல்லை.
பூங்காவனம் தலையணை உறை மாற்றிக் கொடுத்தாள்,
சாம்பாரைச் சூடு பண்ணினாள்.
சின்னவனின் கட்டிலில் படுத்தேன்.
மூன்றே முக்காலுக்கு
மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.
இருபத்தொன்று வரை எண்ணினேன்.
ஒன்று குறைகிறது,
அல்லது நடுவில் கண்ணயர்ந்திருப்பேன்.

காலையில் அவள் கேட்டாள்:
"நேத்து ராத்திரி அஞ்சு பேர் தானே?"