ஏல எண் நாற்பத்தொன்று

இவெட் லாஷான்ஸ் ஏலத்துக்குப் போனது
ஆறு நாற்காலிகளுக்காக.
சட்பரியின் பழைய பவுலிங் கூடத்தை மூடுகிறார்கள்.
நாற்பது டாலருக்கு மேல் கை தூக்குவதில்லை என்று
பேருந்திலேயே முடிவெடுத்திருந்தாள்
(பள்ளிப் பேருந்து. ஓட்டுநர் அவளேதான்).
முப்பத்தைந்துக்கே படிந்தது.
சுத்தியல் விழுந்த பிறகு ஏலக்காரர் சொன்னார்:
அந்தக் கம்பளத்தின் மேல் நிற்கிற எல்லாமே
நாற்பத்தொன்றில் அடக்கம்.

நாற்காலிகளுக்குப் பின்னால்
சுவரைப் பார்த்து நின்றது அது,
வகுப்பில் பேசி மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.
நூற்றிருபது கிலோ.

வேலியில் போன ஓணான் கதை நமக்குத் தெரியும்.
அந்த ஊரில் ஓணான் கிடையாது.
எச்சரிக்க ஆளில்லை.

கராஜில் இறக்கிப் பின்கதவைத் திறந்தாள்.
எலிக்கூடு.
கல்லாகிப்போன சூயிங்கம்.
ஒன்பது கால் டாலர் காசுகள்.
ஒரு பால்பல்.
மரத்தின் உட்புறத்தில் பென்சில் எழுத்து:
'ஃபியூஸ் மாற்றியது, மார்ச் 86.
மறுபடியும், ஏப்ரல்.
இதை நம்பாதே.'
கீழே கையெழுத்து இல்லை.

நம்பாமல்தான் ப்ளக்கைச் செருகினாள்.
ஒரு முனகல்,
பிறகு கராஜ் முழுக்க
கெட்டுப்போன மீன் வாடை.

கபாசிட்டர் செத்தால் அப்படித்தான் நாறும் என்பது
அடுத்த வாரம் தெரிந்தது.
அணைத்துப் போட்ட பிறகும் படக்குழாய்
ஆயிரக்கணக்கான வோல்ட்டை
வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்பது
அதற்கும் அடுத்த வாரம்.
ஒரு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும்.
மறு கையில், கம்பி கட்டிய ஸ்க்ரூடிரைவர்,
ரப்பர் மூடிக்குள் மெல்ல, மெல்ல...

டப்.

அவ்வளவுதான்.
சிரித்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

இருபத்துமூன்று கபாசிட்டர், பதினெட்டு டாலர்.
அதில் நாலைத் தலைகீழாகப் பற்றவைத்துவிட்டு
பிய்த்து மறுபடி வைத்தாள்.
பிப்ரவரியில் திரை எரிந்தது.
எரிந்தது என்றால்
குறுக்கே ஒரே ஒரு கோடு.
மொத்த விளையாட்டும்
அந்தக் கோட்டுக்குள் நசுங்கி நடந்துகொண்டிருந்தது.
சத்தம் மட்டும் குறையில்லை:
யாரோ சுடுகிறார்கள், யாரோ சாகிறார்கள்,
மூன்று உயிரும் போய்
முதலிலிருந்து தொடங்குகிறது.
கோட் போட்டபடியே
ஒரு மணிநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டிம்மின்ஸில் அதே ரகம் ஒன்று கிடந்தது,
பனியில் மூன்றரை மணி நேரப் பயணம்.
வாங்கியது உதிரிக்காக.
உதிரிக்காக மட்டும்தான் என்று
தங்கை மிரெய்யிடம் போனிலும் சொன்னாள்.
கீழ்ப்பலகை தண்ணீரில் ஊறி
ரொட்டி மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது.
அறுக்கும் முன்பு, சும்மா பார்க்கலாமே என்று
ப்ளக்கைச் செருகினாள்.

அதுதான் தப்பு.

படம் வந்தது. பச்சை மட்டும் இல்லை,
சத்தமும் இல்லை,
ஆனால் கப்பல் முழு உயரத்துக்கு ஏறி இறங்கியது.
ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.
இதிலிருந்து அதற்கா, அதிலிருந்து இதற்கா?
ஒன்றுக்குக் காது, ஒன்றுக்குக் கண்.
இரண்டுக்கும் பொதுவாக உதிரி வேண்டுமென்றால்
கணக்கு எங்கே போய் நிற்கும் என்று
உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது வந்த அன்று
கார் வெளியே போனது.
மைனஸ் முப்பது.
காலையில் கண்ணாடியைச் சுரண்டும்போது
எதிர்வீட்டு ஆள் கேட்டார்:
அதெல்லாம் இன்னும் காசு கேட்குமா?

கேட்கும்.
இலவசமாக ஓட்ட ஒரு சுவிட்ச் உண்டு,
அவள் அதைத் தொடவில்லை.
அந்த ஒன்பது காசுதான் போகும்,
பெட்டியைத் திறந்தால் வரும்,
மறுபடி போகும்.
அணைத்த பிறகும் 'காசு போடவும்' என்ற எழுத்து
கண்ணாடியில் மங்கலாகத் தெரிகிறது.
பல வருடம் ஒரே இடத்தில் எரிந்த தழும்பு.
புதுக்குழாய் மாட்டினால் போய்விடும்.
மாட்டவில்லை.

ஈஸ்டருக்கு வந்த மிரெய்
நின்றுகொண்டே சூப் குடித்தாள்.
அந்த ஆறு நாற்காலி எங்கே?

நாலின் மேல்
மூன்றாவது இயந்திரம் மல்லாந்து கிடக்கிறது.
ஐந்தாவதில் வயர்.
ஆறாவதை இழுத்துப் போட்டு, இவெட் சொன்னாள்:
உட்காராதே, தள்ளி நில்,
ஒரு கையைப் பாக்கெட்டில் விடு.

நேற்று எண்ணியபோது
எட்டுக் காசுதான் திரும்பி வந்தது.