ரத்த உறவினர் கவனத்திற்கு

எல்லைக்கு இந்தப் பக்கம் லாட்டரிக்குத் தடை,
அந்தப் பக்கம் அரசாங்கமே அடித்து விற்கிறது.
வீடு எனக்குக் களியக்காவிளையில்,
மேசையும் குடையும் இஞ்சிவிளையில்.
காலையில் கடந்துபோய் நம்பர் விற்று
மாலையில் சாளை வாங்கித் திரும்புகிறவள்.

எழுத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
ஆறு இலக்கமும் பொருந்தி
முன்னால் நிற்கும் எழுத்து மட்டும் மாறியதால்
லட்சங்கள் ஆயிரமாகிப்போன ஆளுக்கு
சோடா உடைத்துக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறேன்.

அதனால் திருவனந்தபுரத்தில்
நிமிஷா என்கிற அந்தப் பெண்
காகிதத்தை என் பக்கம் திருப்பி,
"சேச்சீ, ஒரு எழுத்து விட்டுப் போயிருக்கு" என்றபோது
எந்த சீரீஸில் என்று கேட்டுவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
பதிமூன்றாவதில் என்றாள்.

மூன்று மூன்றாக வாசிக்கிற எழுத்தாம்.
ஒன்று உதிர்ந்தால் பின்னால் நிற்பவை எல்லாம்
ஓரிடம் முன்னால் நகர்ந்து
வரி முழுக்க உளறலாம்.
அறுந்த இழையை ஒட்டவைக்கச் சொல்லும் வரி அது.
இரண்டு பிரதி உண்டு. ஒன்று பிறக்கும்போதே பிழை.
மற்றது நாற்பத்தாறு வருஷம் தனியாகத் தாங்கியிருக்கிறது,
இடது மார்பில் ஏதோ ஒரு செல்லில்
அதுவும் போகும்வரை.

மருந்து ஊசிகள் முடிந்தபின் மாத்திரை என்றார்கள்.
ஏற்கெனவே ஒரு கை முறிந்த செல்லின்
மறு கையையும் கட்டிப்போடுமாம்.
நல்ல செல்லுக்கு இரண்டு கை, பிழைத்துக்கொள்ளும்.
விலை கேட்டேன்.
காப்பீட்டு அட்டையை நாலு நகல் எடுத்துவரச் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு கடிதம்.
தலைப்பு: ரத்த உறவினர் கவனத்திற்கு.
கூடப்பிறந்தவர்க்கும் இருக்க, பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எனக்கு மிச்சமுள்ள ரத்த உறவு ஒருத்திதான்.
மார்த்தாண்டத்து எமல்டா.
அம்மை விட்டுப்போன முப்பத்திரண்டு சென்ட் ரப்பரில்
பாதி கேட்டுக் குழித்துறை கோர்ட்டில் என்மேல் வழக்குப் போட்டவள்.
ஆறு வருஷமாய் வாய்தாவுக்கு வாய்தா
எதிரெதிர் பெஞ்ச்.

அம்மையும் நெஞ்சில் கட்டி வந்துதான் போனாள்.
தேவசித்தம் என்றார் போதகர்.
நாங்களும் ஆமென் சொன்னோம்.

பதிவுத் தபால் என்றால் வாங்கமாட்டாள்,
அனுப்பியவள் பெயரைப் பார்த்தாலே.
ஞாயிறு ஆராதனை முடிந்து
அவள் வீட்டு கேட்டைப் பிடித்து நின்றேன்,
தலையில் துணி, துணிக்குள் அரும்பு முடி.

கம்பிக்கு அந்தப் பக்கமே நின்று
இரண்டு தடவை படித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு
மூன்றாவது தடவையும்.
பிறகு சொன்னாள்:
"அம்மைக்க சொத்துல
கேஸ் இல்லாம நீயா கொண்டுவந்து தாற பாதி
இதுதான், இல்லியா?"

"ஒனக்கு விழாமலும் இருக்கலாம்" என்றேன்.
விற்கிற வாயால் இப்படிச் சொன்னது
அன்றைக்குத்தான் முதல் தடவை.

கேட்டின் துரு உரசியது.
"ரத்தம் எடுக்க வெறும் வயிறாட்டா போணும்?"
"தின்னுட்டே போலாம்."
உள்ளே மரச்சீனி வெந்துகொண்டிருந்தது.

பதினேழாம் தேதி வாய்தா.
அதைப் பற்றி இரண்டுபேரும் பேசவில்லை.