பதினோரு நாள் சுவர்

ரீகா நகரம், பிப்ரவரி.
சுவருக்குள் குழாய் வெடித்து
ஈரம் ஏறிவிட்டதென்று
மூன்றாம் கூடத்தின் கண்ணாடிகளைக்
கழற்றிக்கொண்டு போனார்கள் இரண்டு பேர்.
போகும்போது அதற்குள்
ஜன்னல் ஒன்று, விளக்கு நான்கு,
பாலே உடுப்பில் பதினான்கு பெண்கள்
சாய்ந்து சாய்ந்து வெளியேறினார்கள்.

ஸெல்மா பார்த்துக்கொண்டிருந்தாள்,
தொலையட்டும் என்பதுபோலவும்
இனி எப்படி என்பதுபோலவும்.

அவளிடம் ஒரு நீலக் குறிப்பேடு.
வீட்டுக்குப் போகும் டிராமில்
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
அன்றன்றைக்கு எழுதுவாள்:
முதுகு வளைந்தது.
இடது பாதம் தூங்கியது.
மூன்றாவது சுழற்சி, முடியவில்லை.
மறுநாளும் முடியவில்லை.
அதற்கு மறுநாளும்.
பக்கம் பக்கமாக ஒரே சொல்,
வட்டிக்காரன் கணக்குப்போல.

உடைமாற்றும் அறையில்
பல் தெரிய ஒரு முகம், கீழே வாசகம்:
'சிரி. எல்லாம் கைகூடும்.'
கொப்புளம் உடைந்த நாட்களில்
அதைக் கிழித்துவிடத் தோன்றும்.
ரூத்தா ஒருநாள் அதற்கு மீசை வரைந்தாள்;
அன்றைக்குத்தான் சிரித்தாள்.

மூன்றாவது சுழற்சி என்பது இதுதான்:
முதல் சுற்றில் உலகம் கூடவே வருகிறது.
இரண்டாவதில் கொஞ்சம் பின்தங்குகிறது.
மூன்றாவதற்குள் நுழையும் முன்
கண்கள் கண்ணாடியைத் தேடும்.
அங்கே ஒருத்தி
விழப்போகிற முகத்தோடு
ஏற்கெனவே காத்திருப்பாள்.
அவளைப் பொய்யாக்கக் கூடாதென்று
இவள் விழுவாள்.

இப்போது எதிரே வெறும் சுவர்.
பசைத் தழும்புகள், ஆணித் துளைகள்,
படகுபோல ஓர் ஈரக்கறை.
தோள் எங்கே இருக்கிறதென்று
தோளிடமே கேட்க வேண்டியிருந்தது.
தோள் பதில் சொல்ல
இரண்டு நாள் எடுத்துக்கொண்டது.

நான்காம் நாள்.
ஆசிரியை வெளியே
குழாய்க்காரரோடு தொலைபேசியில் சண்டை.
ஸெல்மா விழுந்தாள்.
சும்மா இல்லை,
பிசின் பொடிப் பெட்டியும் கவிழ்ந்து
முழங்கைவரை மஞ்சள் வெள்ளை.

பியானோக்காரர் வால்டிஸ்
முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்.
முன்பெல்லாம் யார் விழுந்தாலும்
கண்ணாடியில் பார்த்துக் கையை எடுத்துவிடுவார்.
இன்று அவருக்குத் தெரியவில்லை.
வாசித்துக்கொண்டே போனார்.

இதுவரை விழுந்தபோதெல்லாம்
அறை முழுக்க மூச்சடக்கி
அவளையே பார்த்திருக்கிறது.
இன்று உலகம்
தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
எட்டில் நான்கு எண்ணிக்கை மிச்சம்,
ஏறுகிறவர்கள் ஏறலாம் என்பதுபோல.

ஏறிக்கொண்டாள்.
நகரத் தொடங்கிய டிராமில்
ஓடிவந்து தொற்றுவதுபோல,
பொடி படிந்த முழங்கையோடு,
ஐந்தாவது எண்ணிக்கையில்.

வெற்றியெல்லாம் இல்லை.
மாலையில் காற்று ஊசியாய்க் குத்தியது.
கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.
குறிப்பேட்டை எடுத்தாள்.
பேனா உறைந்துவிட, வாயால் ஊதினாள்.
மூன்றாவது சுழற்சி, முடியவில்லை
என்றுதான் எழுதினாள்.

எழுதியதைத் திரும்பப் படித்தாள்.
முடியவில்லை.
அப்படியென்றால்
இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பழைய பக்கங்களைப் புரட்டினாள்.
முடியவில்லை. முடியவில்லை. முடியவில்லை.
ஓர் எழுத்தையும் அடிக்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே, பாலத்தின் கீழ்
தௌகவா ஆறு
மேலே உறைந்தும் அடியில் ஓடியும்.

பன்னிரண்டாம் நாள்
கண்ணாடிகள் திரும்பி வந்தன.
அதே ஒருத்தி, அதே முகம்,
கொஞ்சம் மிரண்டுபோய்.
இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்களோ,
குளிர்ந்திருப்பாள்.
ஸெல்மா கைப்பிடிக் கட்டையில் நகர்ந்து
அவளுக்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.

மார்ச் தேர்வில்
இரண்டே முக்கால் சுற்று என்கிறாள் ரூத்தா.
இரண்டரைதான் என்கிறாள் ஸெல்மா.
அந்தக் கால் சுற்றுக்காக
வழியெல்லாம் வாக்குவாதம்;
இறங்க வேண்டிய நிறுத்தம்
எப்போதோ போய்விட்டது.