கோடு

கோப்பியாப்போவுக்கு மேலே, தண்ணீர்க் குழாய்க்கான சுரங்கம்.
இரண்டு வாயிலிருந்தும் தோண்டிவந்து நடுவில் சந்திக்க வேண்டும்.
அதற்கு முன்னால் மலையைச் சுற்றி
ஏழு புள்ளிகள், ஒரு வளையம்.
கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்த கோடு
கிளம்பிய புள்ளியில் நிற்கவில்லை.
ஒரு சாண் தள்ளி நின்றது.

மறுபடி அளந்தோம். அதே சாண், அதே பக்கம்.
ரசமட்டத்தில் குமிழி நடுவில்.
தூக்குக்குண்டு ஆணியின் தலைக்கு நேராக.
கருவி சரி, கணக்கு சரி,
மிச்சமிருந்தது வடக்கு முகட்டில்
காற்றோடு கோல் பிடித்து நின்ற ஒரு ஆள்.
எவாரிஸ்தோ போர்தோனஸ்.

குறிப்பேட்டில் நான்தான் எழுதினேன்:
கோல் பிடித்தவரின் கவனக்குறைவு.
நாலு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி
ஜீப்பின் மூக்கில் வைத்துவிட்டுப் போனார்.

நடுங்கும் கை
ஒரே பக்கமாகவா நடுங்கும்?
அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

ஜனவரியில் சந்தியாகோவிலிருந்து இருவர் வந்தார்கள்,
வானத்தைப் படமெடுக்கும் பெட்டியோடு.
'மேலே' என்பது எங்கே இருக்கிறது என்று
இரவு முழுக்க நட்சத்திரங்களிடம் விசாரித்தார்கள்.
காலையில் ஒரு தாளை நீட்டினார்கள்:
உங்கள் நூல் நாற்பத்தொரு விகலை கிழக்கே சாய்கிறது.

கிழக்கே மலை. மேற்கே, கடலுக்கு அடியில் பெரும்பள்ளம்.
ஒரு பக்கம் இழுக்க ஆள் இருக்கிறது, மறுபக்கம் இல்லை.
நூல் பிடித்தாற்போல் என்கிறோம்,
அந்த நூலையே பிடித்திருந்தது மலை.
குண்டு சாய்ந்தது. குமிழியும் கூடவே சாய்ந்து,
நடுவில்தான் நிற்கிறேன் என்று சாதித்தது.
கோட்டுப் பக்கம் கோடியிருந்தது கோடு.

பார்வை கிடையாக இருக்கும்வரை
இந்தச் சாய்வு திசையைத் தொடாதாம்.
அண்ணாந்து பார்க்கும்போதோ
உயரத்திலிருந்து குனிந்து பார்க்கும்போதோதான் பிசகுமாம்.
எவாரிஸ்தோ நின்றது
என் கண்மட்டத்துக்கு இருபது பாகை மேலே.

கோணத்துக்கு ஒரு திருத்தம்.
பதினைந்து விகலை. மூன்று. மைனஸ் ஒன்பது.
விடியும்போது வளையம் மூடியது,
இரண்டு விரல் பிசகில்.
குறிப்பேட்டில் அந்த வரியை அடித்தேன்.
அடித்த பிறகும் படிக்க முடிந்தது.
கூலியைத் திருப்பித் தரப் படிவம் கிடையாது என்றது அலுவலகம்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில், திராட்சைப் பெட்டி கட்டும் கொட்டகையில்
அவரைக் கண்டுபிடித்தேன்.
மலை இழுத்துவிட்டது என்றேன்.
விகலை, நட்சத்திரம், பள்ளம் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.
பெட்டிக்குள் காகிதம் விரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.
'அப்போ கூலி?'

என் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தேன்.
அவர் எண்ணினார்.
கட்டைத் திருப்பி, கடைசி நோட்டிலிருந்து
இன்னொரு முறை எண்ணினார்.
ஒன்றை உருவி என் பக்கம் தள்ளினார்.
'இது அதிகம்.'