எச் வரிசை, இருபத்தேழு

பத்தொன்பது வருடமாக
அந்தச் சிமெண்டுப் படியில் உட்காருகிறேன்.
போன வருடம்தான் அதற்கு ஓர் எண் வந்தது.
எண் வந்ததும் விலை வந்தது.
விலையின் வாலைப் பிடித்துக்கொண்டு
விதி வந்தது.

ஹேவன்சைட் ரோவர்ஸ் நிர்வாகம் இதனால் அறிவிப்பது:
இனி வாசலில் சீட்டு இல்லை, போனில் மட்டும்.
ஓர் அடையாள எண்ணுக்கு ஒரே சீட்டு.
ஒருவர் சீட்டில் மற்றொருவர் நுழைய முடியாது.
ஊதுகுழல் கூடாது. பை கூடாது.
வெளிச் சாப்பாடு கூடாது.
பீன்ஸ் கறி ஊற்றிய கால் ரொட்டி
எப்போது ஆயுதம் ஆயிற்று
என்று மட்டும் அறிவிக்கவில்லை.

பக்கத்து இருபத்தெட்டு, தம்சங்காவுடையது.
உம்லாசியிலிருந்து இரண்டு டாக்சி மாறி வருவான்.
என் வாயில் அவன் பெயர்
சங்கு என்றுதான் நிற்கும்.
கையில் வுவுசெலா வேறு; பொருத்தம்தான்.
இரண்டு பேருமாக மூன்று கடிதம் எழுதினோம்.
பதில் இல்லை.
'செவிடன் காதில்...' என்று ஆரம்பித்தேன்.
மீதியை அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள்
முதல் பாதி முடிந்துவிட்டது.

போன சனிக்கிழமை
அவனுக்கு ஷிப்ட் மாற்றிப் போட்டார்கள்.
தன் சீட்டோடு போனையும் மகளிடம் கொடுத்தனுப்பினான்.
நொம்வூலாவுக்குப் பதினொரு வயது.
கழுத்தில் அப்பாவின் பச்சை மஃப்ளர்,
முழங்கால் வரை.
இயந்திரம் சிவப்பாக விழித்தது.
பெயர் வேறு. பிறந்த தேதி வேறு.
அவளை வெளியே விட்டு உள்ளே போகச் சொல்லும் விதி
இன்னும் வரவில்லை என்பதால்
நானும் திரும்பினேன்.
இரவு டிவியில் காட்டினார்கள்:
எச் வரிசையில் பாதி, காசு கட்டிய வெறுமை.

இன்று கரண்ட் இல்லை.
டவரும் இல்லை.
போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
சீட்டு ஏதோ மேகத்தில் பத்திரமாக இருக்கிறதாம்.
மேகத்திலிருந்து
மழை மட்டும் இறங்கியது.

நாற்பது பேர் மதிலோரம் நின்றோம்.
'என் அப்பா இந்த ஊரில் நடப்பதற்கு
ஒரு புத்தகம் வைத்திருந்தார்' என்றான் சங்கு.
'எனக்கு உட்காருவதற்கு ஒன்று.'
யாரும் சிரிக்கவில்லை.

யாரோ தன் பக்கியில் ரேடியோவைத் திருப்பினார்கள்.
உள்ளே இரைச்சல் முதலில் எழும்.
ரேடியோவில் கோல் மூன்று நொடி கழித்து விழும்.
அது யாருடைய கோல் என்று தெரியாத
அந்த மூன்று நொடிக்கு
இன்னும் கட்டணம் போடவில்லை.
இன்றைக்கு அது அவர்களுடையது.

எண்பத்திரண்டாவது நிமிடம்.
எங்கள் தடுப்பாட்டக்காரன் மொசிபுடி
வழக்கம்போல வானத்துக்கு உதைத்தான்.
பந்து மதிலைத் தாண்டிச்
சேற்றில் விழுந்து
சங்குவின் காலடியில் நின்றது.

வாசல்கார பிரெகாசன் ஓடிவந்தான்.
'ஆன்ட்டி, பந்து.
இன்னொன்று ஓடைக்குள் போய்விட்டது.'

சங்கு பந்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டான்.
'பெயர்?'
'ப்ளீஸ், அங்கிள்.'
'அடையாள எண்?'
நானும் சேர்ந்துகொண்டேன்.
'வாசலில் பந்து கிடையாது, கண்ணா.
போனில் மட்டும்.'
மதில் குலுங்கச் சிரித்தோம்.
பிரெகாசனும் சிரித்துவிட்டான்;
வாக்கிடாக்கி கரகரத்ததும்
வாயை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் ரேடியோ சொன்னது:
ஓர் எல்லை எறிதல், ரோவர்ஸுக்கு.
ஆட்டம் பந்துக்காகக் காத்திருக்கிறது.

எங்களுக்கு.
எட்டு நிமிடம். ஒரு கோல் பின்னால்.

சங்கு என்னைப் பார்த்தான்.
நான் மழையைப் பார்த்தேன்.
நொம்வூலா யாரையும் பார்க்கவில்லை.
அப்பாவின் இடுப்பிலிருந்து பந்தைத் தட்டி
ஒரே உதை.
மதிலுக்கு மேலே, பச்சை மஃப்ளர் பறக்க.

எச் வரிசைப் பக்கம் விழுந்திருக்கும்.
அங்கே இடம் இருக்கிறது.