ஐந்து பிரதிகள்

புதுக்கடை நீதிமன்றத்துக்கு எதிரே
என் கடை. ஒரு மெஷின், ஒரு மின்விசிறி,
பக்கம் பத்து ரூபாய்.

யோகமலர் முதலில் வந்தது பெப்ரவரியில்.
பொலிஸுக்கு ஒரு பிரதி.
பிறகு ஆஸ்பத்திரிக்கு, கிராம சேவகருக்கு,
வக்கீலம்மாவுக்கு.
கடைசியில், முதல் பிரதி தொலைந்துபோனதாம்,
மறுபடியும் பொலிஸுக்கு.

வாசிக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் மானம்.
ஆனாலும் தாள் சிக்கினால்
இழுத்தெடுக்கையில் கண்ணில் படும்தானே:
கேத்தல். சுடுதண்ணி. இடது தோள்.

ஐந்தாம் பிரதியில் மை குறைந்து
தோள் விழவில்லை.
மங்கிய எழுத்தின் மேல் அவளே பேனையால்
அழுத்தி அழுத்தி எழுதினாள்.

ஒவ்வொரு மேசையிலும்
முதலிலிருந்து சொல்லச் சொன்னார்களாம்.
சிங்களத்தில் ஒருதரம்,
அழாமல் ஒருதரம்,
மாமியார் பக்கத்தில் நிற்க ஒருதரம்.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை.
வோட்டு மிஸ் நில்மினி
படிவம் அடிக்க வந்த அன்று
வாயை அடக்க முடியாமல் சொன்னேன்.
அவர் மகளிர் பிரிவு சார்ஜன்டிடம் சொன்னார்.
சார்ஜன்ட் முதலில் கோபித்தாராம்;
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாராம்.

இப்போது மாதத்தின் முதல் செவ்வாய்
பிரதேச செயலக மேல்மாடியில் ஒரு நீள மேசை,
ஆறிய தேநீர், மாலு பணிஸ்.
ஐந்து பேருக்கும் ஒரே கோப்பு.
யார் யாருக்குப் போன் எடுப்பது என்று
ஒரு பட்டியல். முந்நூறு பிரதி,
காசு வாங்கவில்லை.

மட்டக்குளி ஓட்டோக்காரர்கள்
சீட்டின் பின்னால் ஒட்டினார்கள்.
ஜெரோமின் சலூனில் கண்ணாடிக்குப் பக்கத்தில்.
"நேற்று அவளுக்கு நல்லாப் படிப்பிச்சேன்"
என்று ஒருத்தன் பீற்றிக்கொள்ள,
ஜெரோம் பாதிச் சவரத்தில் கத்தியை நிறுத்தி
"என்ன பாடம் அண்ணே?" என்றாராம்.
வரிசையில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லையாம்.
பாதிச் சவரத்தோடு கன நேரம்
பதில் தேடினானாம் அவன்.

யோகமலரின் வழக்குக்கு
இன்னும் தவணை போட்டபடியே இருக்கிறார்கள்.
தோளில் தோல் வந்துவிட்டது,
நிறம்தான் வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு பெண் வந்தாள்.
கையில் குழந்தை,
கடதாசியைத் தன் தலைக்குமேல் அல்ல
அதன் தலைக்குமேல் பிடித்திருந்தாள்.

"ஐந்தா?" என்றேன், பழக்கத்தில்.
"ஒன்று போதும் என்று மிஸ் சொன்னா."

நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.
மிச்சம் தொண்ணூறு.
லாச்சியைக் கிளறி
சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்,
நனைந்த கடதாசி
மெஷின் மூடியில் காயும்வரை.