புகைப்புரை

மணியை முதலில் விட்டோம்.
பிறகு அங்கியை, பீடத்தை, ஆர்கனை,
டிசம்பரில் அயனிமரத்தில் தொங்கவிடும் நட்சத்திரத்தை.
பெண்கள் கம்மலைக் கழற்றினார்கள்.
பத்தொன்பது நூற்றாண்டை
மரச்சீனிக் கிழங்கின் தோல்போல் உரித்தெறிந்தால்
வெள்ளையாய் ஒன்று மிஞ்சும் என்று நம்பினோம்.

முள்ளங்கினாவிளையில் என் ரப்பர்ப் புகைப்புரை.
ஷீட் உலர்த்தும் கம்புகளை ஒதுக்கிக் கட்டி
பதினோரு பிளாஸ்டிக் நாற்காலி, நாலு பாய்.
பெயர்ப்பலகை கிடையாது.
ஆதியில் அவர்களுக்கும் கிடையாது.
ஒட்டுபால் நாற்றத்தில் தொண்டை காறும்;
ஒளிந்து கூடினவங்களுக்கு இதுகூட வாய்ச்சிருக்காது
என்பார் ரசாலம் சார்.

பிரிந்த அன்று ஆயர் வீடுவரை வந்தார்.
தேயிலை குடித்தார்.
"அந்தக் காலம் வேற, நேசையன்" என்றார்.
நான் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை இரண்டு வருடம்
பத்திரமாய் வைத்திருந்தேன்.

அப்பம் புளித்ததா, புளிக்காததா,
அதில் ஒரு குடும்பம் போனது.
ஒரே பாத்திரமா, ஆளுக்கொரு சின்ன கிளாஸா,
அதில் இரண்டு.
மிஞ்சியவர்கள் உறுதியானவர்கள்.
ஞாயிறுதோறும் அந்த இரண்டாம் அதிகாரம்தான்:
விற்றவர்கள், பகிர்ந்தவர்கள்,
வீட்டுக்கு வீடு அப்பம் பிட்டவர்கள்.
வாசிக்கையில் என் குரல் நடுங்கும்.
நல்ல நடுக்கம். எல்லாரும் சொல்வார்கள்.

ஏசுவடியாள் அண்டியாபீசில் தோடு உடைப்பவள்.
கறை தின்று ரேகை அழிந்த விரல்;
ரேஷன் கடை மெஷின்
அவளை ஆள் என்றே ஒப்புக்கொள்ளாது.
வாசிக்கத் தெரியாது. கேட்பாள்.

ஆடியில், மழை விட்ட ஒரு ஞாயிறு,
ஜவுளிக்கடைப் பை ஒன்றைக் கொண்டுவந்து
என் காலடியில் வைத்தாள்.
கால்வாய்க் கரையில் நாலு சென்ட், ஓட்டு வீடு.
"முந்தாநேத்து பத்திரம் முடிஞ்சு. எண்ணிப் பாருங்க."

காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.
ஓட்டிலிருந்து நேற்றைய மழை சொட்டியது.
ரசாலம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டினார், திரும்பவும் துடைத்தார்.
"அந்தக் காலம் வேற, கேட்டியா" என்றார்.

அதே சொல்.

அவள் குறை சொல்லியிருந்தால்
பதில் சொல்லியிருப்பேன்.
"நீங்கதான வாசிச்சிய" என்றாள்.
பிறகு, பஸ் நேரம் விசாரிப்பதுபோல்,
"இன்னைக்கு ராத்திரி நான் யாரு வீட்டுல கிடக்கணும்?"

எனக்கு மூன்றரை ஏக்கர்.
பத்திரம் பீரோவில், அதன்மேல் மேபலின் நகை,
கழற்றியது, விற்காதது.
மேபல்தான் எழுந்தாள்.
பையைத் தொடவில்லை. அவள் கையைப் பிடித்து
அடுக்களைக்குக் கூட்டிப்போனாள்.
பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.
பழைய கோயிலின் அசன நாள் ஞாபகம் வந்தது,
ஊருக்கெல்லாம் ஒரே அண்டா,
யார் எவர் என்று கேட்காமல் விளம்பிய சோறு.
அதையும் அல்லவா
மனுஷர் கற்பனை என்று விட்டுவந்தேன்.

இப்போது மூன்று வீடுதான் கூடுகிறோம்.
பணம் பீரோவில் இருக்கிறது.
திருப்பவும் இல்லை, பகிரவும் இல்லை;
வாங்கியவன் அங்கே கான்கிரீட் போட்டுவிட்டான்.
ஏசுவடியாள் எங்கள் சாய்ப்பறையில் உறங்குகிறாள்.
விடியுமுன், யாரும் சொல்லாமலே,
ஷீட்டுகளைத் திருப்பிப் போடுகிறாள்.

இந்த வருடம் முதல் அதிகாரத்திலேயே நிற்கிறோம்.
அதில் அவர்கள் மேலறையில் காத்திருக்கிறார்கள்.
விற்றவர் யாரும் இல்லை.
நிலம் வாங்கியவன் ஒருவன் உண்டு,
காட்டிக்கொடுத்த காசில்.
அந்த இடத்தை நான்
வேகமாய் வாசித்துக் கடப்பேன்.

அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.